ஏ எடுத்த பிள்ளை பன்னிரண்டில் தடுமாறாமல் இருக்க

கேள்வி: நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பாடசாலையில் பதினோராம் ஆண்டு வரைதான் வகுப்பு இருக்கிறது. சென்ற தவணையில் கணிதம் 81, விஞ்ஞானம் 74. உயர்தரத்தில் கணிதப் பிரிவில்தான் படிப்பேன், எஞ்சினியராக வருவேன் என்று நிற்கிறாள். மட்டக்களப்பு டவுனில் நல்ல பாடசாலையில் இடம் எடுக்க என்ன செய்ய வேண்டும்? தனியாக நுழைவுப் பரீட்சை இருக்கிறதா? இப்போது மூன்று ரியூசன் வகுப்புக்குப் போகிறாள், அது போதுமா? பெண் பிள்ளைக்குக் கணிதம் எதற்கு, பயோ படிக்கட்டும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். என்னால் அவளுக்கு என்ன உதவி செய்ய முடியும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டுமென்று தனிப் பாடசாலை வைத்து, நுழைவுப் பரீட்சை நடத்திப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் முறை நம் நாட்டின் அரச பாடசாலைகளில் இல்லை. உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இருக்கும் பாடசாலையை 1ஏபி பாடசாலை என்பார்கள். 1சி பாடசாலையிலும் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான் அங்கே கிடைக்கும். உங்கள் மகள் படிப்பது பதினோராம் ஆண்டோடு முடியும் வகைப் பாடசாலை. ஆகவே சாதாரண தரப் பெறுபேறுதான் அவளுடைய நுழைவுப் பரீட்சை.

அந்தப் பெறுபேற்றில் புள்ளி இருக்காது, எழுத்து மட்டும்தான் இருக்கும். 75உம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ. 76 எடுத்த பிள்ளைக்கும் 98 எடுத்த பிள்ளைக்கும் ஒரே ஏதான். பாடசாலை வாசலில் இருவரும் சமமாகத்தான் நிற்பார்கள். பன்னிரண்டாம் ஆண்டின் முதல் தவணையில் இணைந்த கணிதம் தொடங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒன்பது ஏ எடுத்து உள்ளே போன பிள்ளைகள் நான்கு மாதத்தில் அழுதுகொண்டு கலைப் பிரிவுக்கு மாறுவது நம் பக்கத்தில் புதிய கதை இல்லை. அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இடம் எடுப்பது எப்படி என்பதோடு, எடுத்த இடத்தில் பிள்ளை நிலைத்து நிற்பது எப்படி என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். அதை இன்றைக்கே தொடங்க வேண்டும்.

81 நல்ல புள்ளி. ஆனால் அது எந்தக் கேள்விகளிலிருந்து வந்தது என்று பாருங்கள். சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவதற்கு 2 மணித்தியாலம்: பகுதி அ வில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, பகுதி ஆ வில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இரண்டாவதற்கு 3 மணித்தியாலம்: இரு பகுதிகளிலும் ஆறு ஆறு வினாக்கள், ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து செய்ய வேண்டும். இரண்டாவது வினாத்தாளில் விட்டுவிட இரண்டு வினாக்களுக்கு இடம் இருக்கிறது. பிள்ளைகள் எதை விடுகிறார்கள்? பெரும்பாலும் கேத்திரகணித நிறுவலையும், அட்சரகணிதத்தில் கொஞ்சம் நீளமான ஒரு வினாவையும்தான். வட்டி, பங்கு, புள்ளிவிபரம், தொடை, வரைபு ஆகியவற்றில் புள்ளியைச் சேர்த்து ஏ எடுத்துவிடலாம். பரீட்சைக்கு அது கெட்டித்தனம். ஆனால் அவள் விட்டுவிட்டு வந்த அந்த இரண்டும்தான் இணைந்த கணிதத்தின் அத்திவாரம்.

எனவே மகளின் கடைசி மூன்று தவணை விடைத்தாள்களை எடுத்து வையுங்கள். அட்சரகணிதம், கேத்திரகணிதம் இரண்டிலும் எத்தனைக்கு எத்தனை எடுத்திருக்கிறாள் என்று தனியாகக் கூட்டச் சொல்லுங்கள். மொத்தம் 81 ஆக இருந்து இந்த இரண்டிலும் பாதிதான் வந்திருந்தால், அடுத்த ஒன்றரை வருட வேலை எங்கே என்பது அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது.

எப்படிப்பட்ட பிழை என்பதற்கு ஓர் உதாரணம். தெரியாக் கணியத்தை இங்கே க என்று எழுதுகிறேன். 5/(க − 2) என்பதிலிருந்து (க + 1)/(க² − 4) என்பதைக் கழிக்க வேண்டும். பொதுப் பகுதி க² − 4 என்று மகள் கண்டுபிடித்துவிடுவாள். தொகுதியை 5(க + 2) − (க + 1) என்று எழுதவும் செய்வாள். அடுத்த வரியில்தான் கை வழுக்கும்: 5க + 10 − க + 1 என்று எழுதி, 4க + 11 என்று முடித்துவிடுவாள். அடைப்புக்கு முன்னால் நிற்கும் சயக் குறி (−) உள்ளே இருக்கும் இரண்டையும் மாற்ற வேண்டும். சரியான தொகுதி 4க + 9. இந்தக் கணக்கு விளங்கவில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. விளங்கியிருக்கிறது, கைக்குத்தான் பழகவில்லை. சாதாரண தரத்தில் இதற்கு ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதான். உயர்தரத்தில் பகுதிப் பின்னம், வகையீடு என்று வரும் ஒரு கணக்கு பன்னிரண்டு வரி ஓடும்போது மூன்றாம் வரியில் இந்தப் பிழை விழுந்தால், மிச்ச ஒன்பது வரியும் வீண்.

இதற்கு மருந்து சின்னது. விடை வந்ததும் க வுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கப் பழக்குங்கள். க = 3 என்று போட்டால் கேள்வி 5 − 4/5, அதாவது 21/5. அவளுடைய விடையில் 3ஐப் போட்டால் 23/5 வருகிறது. பிழை பிடிபட்டது. இதற்கு அரை நிமிடம் போதும், ஆசிரியர் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. 0, 1, 2 ஆகிய எண்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். 2 போட்டால் பகுதி பூச்சியமாகிவிடும், 0உம் 1உம் சில பிழைகளை மறைத்துவிடும். இப்படித் தன் விடையைத் தானே சரிபார்க்கும் பிள்ளைக்கு, பின்னால் ஆசிரியர் இல்லாத நாளிலும் படிப்பு ஓடும். நம் பக்கப் பாடசாலைகளில் அந்த நாட்கள் நிறைய வரும்.

மடக்கை அட்டவணையும் அப்படித்தான். பரீட்சையில் கணிகருவிக்கு அனுமதி இல்லை, அட்டவணைதான். 0.0356 இன் மூன்றாம் மூலத்தைக் கேட்டால், மடக்கை பார்2.5514 (2இன் தலையில் கோடு). இதில் 2 மட்டும்தான் மறை, தசமப் பகுதி நேர். அதை மறந்துவிட்டு 2.5514ஐ நேரே 3ஆல் வகுத்தால் 0.8505 வரும், விடை 7.087 என்று எழுதுவாள். ஒன்றைவிடச் சிறிய எண்ணின் மூன்றாம் மூலம் ஏழு ஆகுமா என்று ஒரு கணம் யோசித்தாலே கை நின்றுவிடும். சரியான முறையில் பார்2 ஐ 3ஆல் வகுபடும்படி பார்3 ஆக்கி, கொடுத்த 1ஐத் தசமப் பகுதியோடு சேர்த்து 1.5514 ஆக்க வேண்டும். 3ஆல் வகுத்தால் பார்1.5171. அட்டவணையைத் திருப்பிப் பார்த்தால் 0.3289.

கேத்திரகணித நிறுவலில் பிள்ளைகள் விடும் குறை வேறு. படத்தைப் பார்த்ததும் விடை கண்ணில் தெரிந்துவிடும், காரணத்தை எழுத மாட்டார்கள். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அடைப்புக்குள் காரணம் வேண்டும்: ஒரே துண்டக் கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள், தரவு என்று. காரணத்துக்கும் புள்ளி உண்டு. இதைவிடப் பெரிய நன்மை உயர்தரத்தில் தெரியும்: ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் போகிறேன் என்று சொல்லும் பழக்கம் இணைந்த கணிதத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டும். கிழமைக்கு இரண்டு நிறுவல் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுத வேண்டும். முதல் நாள் புத்தகத்தைப் பார்த்து விளங்கி எழுதட்டும், மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் எழுதட்டும். அமைப்புக் கேள்விக்கு வில்களை அழிக்கக் கூடாது. கவராயத்தின் ஆணி தளர்ந்திருந்தால் அதை மாற்றுங்கள். பாதியில் விரியும் கவராயத்தால் 60 பாகை 63 ஆகிவிடும், பிள்ளையோ தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

விஞ்ஞானம் 74 என்பது ஏக்கு ஒரு புள்ளி குறைவு. கணிதப் பிரிவுக்குப் போகிறவளுக்கு பௌதிகவியலும் இரசாயனவியலும் சேர்ந்தே வருவதால் இதை விட்டுவிட முடியாது. உயிரியல் பகுதியை மனனம் செய்து புள்ளி சேர்த்திருக்கிறாளா என்று பாருங்கள். மூல் கணக்கு, வேக–நேர வரைபு, மின் சுற்று ஆகிய மூன்றிலும் கை ஓட வேண்டும். வேக–நேர வரைபில் படித்திறன் ஆர்முடுகலையும், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சியையும் தரும். செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வந்த பஸ் 5 செக்கனில் நின்றால் படித்திறன் −4. அந்தச் சயக் குறியை விட்டுவிட்டு ஆர்முடுகல் 4 என்று எழுதினால் பஸ் வேகம் கூடி ஓடுகிறது என்று பொருள்.

ரியூசன் பற்றி. மூன்று வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தெந்தப் பாடம் என்று எழுதவில்லை. ஒரே பாடத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் ஒன்றை நிறுத்திவிடுங்கள். ஒரு மணித்தியாலம் வகுப்பில் இருந்தால், அந்தப் பாடத்தைத் தனியாக இருந்து செய்ய இரண்டு மணித்தியாலமாவது வீட்டில் கிடைக்க வேண்டும். அந்த நேரம் கிடைக்காத அளவுக்கு வகுப்பு வைத்தால், பிள்ளை மற்றவர் கணக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே தவிர, தான் செய்யவில்லை. வகுப்புக் கொப்பி அழகாக இருக்கும், பரீட்சையில் கை ஓடாது. மகளுக்கு விஞ்ஞானத்துக்கு ஒன்று, தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு ஒன்று. கணிதத்துக்குப் பாடசாலை ஆசிரியரே நன்றாகச் சொல்லித் தருகிறார் என்றால் அவரிடமே நின்று கேட்கச் சொல்லுங்கள். ஊர்ப் பாடசாலையில் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. டவுனில் நாற்பது பிள்ளைகளுக்குள் கேட்க முடியாத கேள்வியை அவள் இங்கே கேட்கலாம். இதை ஒரு வசதியாகவே நினையுங்கள்.

ஆங்கிலத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உயர்தரத்தைத் தமிழில் படிக்கலாம், பரீட்சையும் தமிழில் எழுதலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடத்துக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம். இப்போதிருந்தே கிழமைக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் கணிதம் வாசித்தால் போதும். சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: பயோ என்பது கணிதத்தைவிட இலகுவான பாதை இல்லை, வேறொரு பாதை. கணக்கில் ஆசையுள்ள பிள்ளையை மூன்று பாடங்களில் ஒன்றாக உயிரியலை மனனம் செய்ய அனுப்பினால், அவளுடைய பலம் அங்கே வேலை செய்யாது. நம் பக்கத்திலேயே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கணிதப் பிரிவிலிருந்து பௌதிக விஞ்ஞானம், கணினி, நில அளவை என்று வேறு வாசல்களும் திறக்கும். பெண் பிள்ளை என்பது இதில் எந்தத் தடையும் இல்லை.

பாடசாலைத் தெரிவுக்கு வருவோம். டவுனில் வின்சன்ட், சிசிலியா என்று பெண்கள் பாடசாலைகளின் பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். பெயரைக் கேட்டதோடு நின்றுவிடாமல் பன்னிரண்டாம் ஆண்டின் நேரசூசியைக் கேளுங்கள். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? இரசாயன ஆய்வுகூடம் கிழமையில் எத்தனை பாடவேளை திறக்கிறது? சென்ற முறை கணிதப் பிரிவில் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் பாதித் தெரிவு முடிந்தது. டவுனைவிடக் கிட்டத்தில் உள்ள ஒரு 1ஏபி பாடசாலையில் மூன்று ஆசிரியரும் இருந்தால், பிரபலமான பெயருக்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். அம்பாறை மாவட்டத்து வாசகர்களுக்கும் இது பொருந்தும். கல்முனையில் கார்மேல் பற்றிமா போன்ற பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்க வேண்டியவை இவைதான்.

பெரும்பாலும் பாடசாலைகள் முதலில் தங்கள் சொந்தப் பிள்ளைகளை எடுத்துவிட்டு, மிச்ச இடத்துக்குத்தான் வெளிப் பிள்ளைகளைப் பெறுபேற்றின்படி எடுக்கும். ஆகவே ஒரு பாடசாலையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், மூன்றுக்காவது விண்ணப்பியுங்கள். கணிதத்தில் திறமைச் சித்தியாவது (சி) இல்லாமல் கணிதப் பிரிவு கிடைக்காது. போட்டி உள்ள இடத்தில் கணிதமும் விஞ்ஞானமும் ஏயாக இருந்தால்தான் பேசலாம். பெறுபேறு வந்த அன்றே ஓடத் தேவையான பத்திரங்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, விளையாட்டு, போட்டிச் சான்றிதழ்களின் பிரதிகள். விடுகைப் பத்திரத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும், இடம் உறுதியாகும் முன் எடுத்துவிடாதீர்கள். விண்ணப்ப முடிவு நாளை உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெறுபேறு வருமுன்பே உயர்தர வகுப்பைத் தொடங்கிய ஆண்டுகளும் உண்டு.

யாராவது கொழும்புக்கு அனுப்பச் சொன்னால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாசிக்காமல் முடிவெடுக்காதீர்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. எந்த மாவட்டத்துப் பிள்ளையாக விண்ணப்பிக்கிறாள் என்பது பல்கலைக்கழக அனுமதியில் பெரிய விடயம்.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு டவுனுக்குப் போவது பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் மாதிரி இல்லை. ஆனாலும் வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். போகவர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனால், விடுதியோ நம்பிக்கையான சொந்தக்காரர் வீடோ பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்குத் தினமும் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போனால், இணைந்த கணிதத்துக்கு வேண்டிய நேரத்தையே பஸ் தின்றுவிடும்.

மாரி காலத்தையும் திட்டத்தில் சேருங்கள். கார்த்திகை, மார்கழியில் படுவான்கரையில் வெள்ளம் வந்து பாடசாலை மூடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்தது. ஐப்பசிக்குள் பத்துக் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளித்திட்டங்களையும் போட்டோப் பிரதி எடுத்து, பொலித்தீன் உறையில் வைத்துவிடுங்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை என்றாலும் தாளும் பேனையும் வேலை செய்யும்.

வினாத்தாள் செய்யும் முறை இது. இந்த வருடம் முடியும்வரை முழு வினாத்தாள் வேண்டாம், அட்சரகணித, கேத்திரகணித வினாக்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்யட்டும், தினமும் 45 நிமிடம். பதினோராம் ஆண்டு தொடங்கியதும் கிழமைக்கு ஒரு முழு வினாத்தாள். முதலாம் வினாத்தாளில் 25 சிறு வினாக்களுக்கு 50 நிமிடம், அடுத்த ஐந்துக்கு 12 நிமிடம் வீதம் 60, கடைசிப் பத்து நிமிடம் சரிபார்க்க. இரண்டாம் வினாத்தாளில் ஒரு வினாவுக்கு 17 நிமிடம். பிழைகளுக்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வைத்து, பிழைத்த ஒவ்வொரு கணக்குக்கும் காரணத்தை ஒரே சொல்லில் எழுதட்டும்: தெரியாது, வாசிக்கவில்லை, கை வழுக்கியது. ‘தெரியாது’ அதிகமாக இருந்தால் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். ‘கை வழுக்கியது’ அதிகமாக இருந்தால் அதே வகைக் கணக்கில் இருபது செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றும் குணமாகாது.

பதினோராம் ஆண்டின் நடுவில் ஒரு தடவை நேர்மையாகப் பாருங்கள். பார்க்காத ஐந்து வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து சராசரி 80ஐத் தாண்டி, அட்சரகணித வினாக்களில் பத்துக்கு எட்டாவது வந்தால் கணிதப் பிரிவுக்குத் தைரியமாக அனுப்புங்கள். சராசரி 75ஐத் தொட்டும் அட்சரகணிதம் நான்கு, ஐந்தில் நின்றால், சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களை அட்சரகணிதத்துக்கும் திரிகோணகணிதத்துக்கும் மட்டும் கொடுங்கள். அந்த இடைவெளியில் உயர்தரப் பாடத்தை ஓடி ஓடி முன்கூட்டிப் படிப்பதைவிட இது பயன் தரும். அதன் பிறகும் சயக் குறியும் அடைப்பும் பிடிபடவில்லை என்றால் தொழினுட்பப் பிரிவையும் யோசியுங்கள். அதிலிருந்தும் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்.

எட்டாம் வகுப்பு வரை படித்த உங்களால் என்ன முடியும் என்று கேட்டிருந்தீர்கள். நிறைய முடியும். வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சீ.ஆர். கொப்பியை மகளோடு உட்கார்ந்து திறவுங்கள். ‘கை வழுக்கியது’ என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாள் என்று எண்ணி, சென்ற கிழமை எண்ணிக்கையின் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு கேத்திரகணித நிறுவலை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வரியிலும் “ஏன் மகள்?” என்று மட்டும் கேளுங்கள். அவள் தடுமாறும் வரிதான் விளங்காத வரி. சனிக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன் வினாத்தாளைக் கொடுத்து, கைபேசியை வாங்கி உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மணிக்கூட்டையும் நீங்களே வைத்திருங்கள். இரண்டு மணித்தியாலம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிவிடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சினாலும் கொடுக்க வேண்டாம்.